ஒரு பெட்டி குறைகிறது

அச்சிட்டது பன்னிரண்டாயிரம்.
திரை சொல்கிறது
பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

மணி இரண்டேகால். கப்பலூரில் இந்நேரம்
விழித்திருப்பவை இரண்டு:
டோல்கேட்,
எங்கள் நாலாம் லைன்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண்.
உலகத்தில் இன்னொன்றுக்கு அது கிடையாது.
நாற்பது பெட்டி சேர்ந்தால் ஒரு தாய்ப்பெட்டி,
தாய்களை அடுக்கினால் ஒரு பலகை.
பலகையைக் கேட்டால் போதும்,
பிள்ளைகள் பேரையெல்லாம் ஒப்பிக்கும்.
தாஷ்கென்டில் ஒரு மருந்துக்கடைக்காரர்
கறுப்புக் கட்டத்தின் மேல் ஒளியைக் காட்டினால்
இந்த ராத்திரி வரைக்கும் வந்து நிற்பார்.
என் முகம் மட்டும் தெரியாது.

காணாமல் போனது உயிரோடிருக்கிறது
என்றார் ஜெபக்கனி மேடம்.
கேமரா பார்த்து ஆமென்ற எண்,
எந்தத் தாயிடமும் போய்ச் சேராத எண்.
அது கிடைக்காமல் பேட்ச் மூடாது.
பேட்ச் மூடாமல்
ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது.

பெல்ட்டுக்கு அடியில் டார்ச் அடித்தோம்.
பசைச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம்.
குப்பைப் பையை வெள்ளைத் துணியில் கொட்டி
அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கினோம்.
எங்கள் கோட்டுக்குப் பையே கிடையாது,
இருந்தும் தட்டிப் பார்த்தார்கள்.

மூன்றரைக்கு எனக்கு ஞாபகம் வந்தது.
வந்த பிறகும் வாய் வரவில்லை.

பத்து மணிக்கு அச்சு மேசை ஆடியது.
ஆடினால் கட்டங்கள் கரையும்,
கேமரா ஐந்துக்கு ஒன்றைத் துப்பும்.
கையில் மூலை நசுங்கிய பெட்டி ஒன்று இருந்தது.
மாத்திரையைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு
அட்டையை நான்காய் மடித்து
மேசைக்காலுக்கு அடியில் செருகினேன்.
அப்புறம் அது துப்பவே இல்லை.
இலக்கைத் தாண்டிவிட்டோமென்று
சூப்பர்வைசர்கூட கைதட்டினார்.

சிக்கந்தர் மண்டியிட்டு இழுத்தார்.
அட்டை அப்பளமாகியிருந்தது,
கட்டங்கள் மட்டும் பளிச்சென்று.
மேடம் ஸ்கேனரை நீட்டினார்.
பீப்.
பன்னிரண்டாயிரம்.

பிறகு அதைக் கொன்றோம்.
சிஸ்டத்தில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு.
காரணம் கேட்டது. சேதம் என்றோம்.
இனி அந்த எண் எந்தப் பெட்டிக்கும் வராது.
ஐந்தரை மணிநேரம் மேசையைத் தாங்கியது
என்று சொல்ல
காரணப் பட்டியலில் இடமில்லை.

விலகல் அறிக்கை.
பெயர்: வெ. ஒச்சம்மாள்.
ஊழியர் எண்: 0417.
மூலக் காரணம்: மேசை ஆடியது.
அதை அடித்துவிட்டு
பணியாளர் கவனக்குறைவு என்று எழுதச் சொன்னார்கள்.
அடித்ததற்கும் ஒரு கையெழுத்து, தேதி.

மேசை மறுபடி ஆட ஆரம்பித்தது.
எண் இல்லாத ஏதாவது வையுங்களேன் என்றார் மேடம்.
லாக்கரைத் திறந்து தேடினோம்.
கேண்டீன் டோக்கன். பத்து ரூபாய்த் தாள்.
சிக்கந்தரின் ரேஷன் கார்டு நகல்.
சீட்டுக் கம்பெனி ரசீது.
என் மகனின் ஹால் டிக்கெட்
எப்படி அங்கே வந்ததோ தெரியவில்லை.
எல்லாவற்றிலும் இருந்தது.
கடைசியில் செக்யூரிட்டி கூண்டருகே
மேலூர்க் கிரானைட் சில்லு ஒன்று அகப்பட்டது.
உள்ளே விடுவதற்கு
வாட்ச்மேன் ரிஜிஸ்தரைப் புரட்டினார்:
கல், ஒன்று. வரிசை எண் 93.

ஆறரை பஸ். ஜன்னல் கடகடவென்றது.
ரூபாய் பூஜ்ஜியம் என்று போட்ட மகளிர் சீட்டை
நான்காய் மடித்து
இடுக்கில் செருகினேன். சத்தம் நின்றது.
திருப்பரங்குன்றம் போனதே தெரியாது.
கண் சொருகிக்கொண்டிருக்கையில்
பழங்காநத்தத்தில் செக்கிங் ஏறினார்.